இன்னும் ஒரு சோதனை

"ரிலீஸை மறுபடியும் நிறுத்திட்டியா? நான் எழுதின லிஸ்ட் புரோகிராம் உனக்கு என்ன பாவம் பண்ணிச்சு, வெர்னா?" க்ளேட்டன் எரிந்து விழுந்தான்.

"காலி லிஸ்ட்டைத் தலைகீழாத் திருப்பினா புரோகிராமே நின்னுடுதே!"

"காலி லிஸ்ட்டை எந்தக் கிறுக்கன் திருப்பப் போறான்?"

"எவனாவது திருப்புவான். சரிபண்ணு, மறுபடி சோதிக்கிறேன்."

மென்பொருளைச் சோதிப்பது வெர்னாவின் வேலை; ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்றோடு வந்து நிற்பாள். எல்லாம் ஊசிமுனைக் குறைகள். அவர்களுடைய ஜாவா மென்பொருள் தொகுப்பின் வெளியீடு தள்ளிக்கொண்டே போக, பிட்ஸ்பர்க் அலுவலகமே அவளைச் சபித்தது. ஆஸ்பத்திரியில் புற்றுநோயோடு கிடந்த மனைவி மேவிஸிடம் போய் க்ளேட்டன் வெர்னாவைத் திட்டித் தீர்ப்பான்.

இலையுதிர்காலத்தில் மேவிஸ் இறந்துபோனாள். அடக்கம் முடிந்து அவன் வேலைக்குத் திரும்பிய அன்று வெர்னா வந்தாள்.

"எல்லா டெஸ்டும் பாஸாயிடுச்சு. இன்னைக்கே வெளியிட்டுடலாம்."

"இப்ப மட்டும் குறையே இல்லையா?" என்றான் கசப்போடு.

அவள் அறைக் கதவைச் சாத்தினாள். "வெளியிட்டதும் நம்ம டீமைக் கலைச்சிடுவாங்க, க்ளேட்டன். எனக்கு மார்ச்லயே தெரியும். உன் வேலை போனா கம்பெனி தர்ற மெடிக்கல் இன்சூரன்ஸும் போயிடும். மேவிஸோட வைத்தியம் பாதியில நின்னுடக் கூடாதேன்னுதான்..."

க்ளேட்டன் ஒரு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டான்.

"உக்காரு," என்றான்.