கட்டிலுக்கடியில் வைத்த துப்பாக்கி

விசையை இழுக்கிறேன். 'டக்' என்று ஒரு சத்தம் வருகிறது, குண்டு வரவில்லை. உறைந்த கடலின் மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்த சீல் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தன் துளைக்குள் வழுக்கி இறங்கிவிடுகிறது. மூன்று நாளாகப் பட்டினி கிடக்கும் பனிவண்டி நாய்கள் என்னையே பார்க்கின்றன. "புதுத் துப்பாக்கின்னு சொல்லி ஏமாத்திட்டான் கடைக்காரன்" என்கிறேன். கூட வந்த மீதெக் துப்பாக்கியை வாங்கி, பின்பக்கத்து இரும்புப் போல்ட்டை உருவுகிறான். உள்ளே தோட்டாவைத் தட்டும் ஊசியைச் சுற்றி வெள்ளையாக ஐஸ் கட்டியிருக்கிறது. "அண்ணே, ராத்திரி இத எங்க வெச்சிருந்தீங்க?" "கட்டிலுக்கடியில." "அடுப்புச் சூட்டுலயா? உள்ள வேர்த்து, வெளிய வந்ததும் உறைஞ்சிருச்சு. ஊரே வாசல்லதானே தொங்கவிடுது! அம்பது வருஷமா வேட்டையாடுறீங்க, உங்களுக்கா தெரியாது?" தெரியும். நாய்களின் வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொள்கிறேன். "எவன் தூக்கிட்டுப் போயிடுவான்னு பயந்தீங்க?" என்று சிரிக்கிறான். என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருப்பது அவன் வீடு ஒன்றுதான். அவன் சிரிப்பு மெல்ல நின்றுபோகிறது. தோல்சட்டையைத் தூக்கி, ஐஸ் உருகட்டும் என்று அந்தக் குளிர்ந்த இரும்பைத் தன் அக்குளில் வைத்து அழுத்திக்கொள்கிறான்.