கடவுள் விசயம் முடிந்தது

பாஸ்டர் முருகையா கண்ணைத் திறந்துகொண்டு ஜெபம் செய்தார். அழகர் மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

இந்த ஏற்பாட்டுக்கு வந்து சேரவே இருபது நிமிடம் ஆகியிருந்தது.

ஜெபம் இல்லாமலே ஆரம்பிக்கலாம் என்றார் பாஸ்டர். உங்கள் வீட்டில் உங்கள் வழக்கப்படியே நடக்கட்டும் என்று கையெடுத்துக் கும்பிட்டார் மாஸ்டர். ஒரு நாத்திகரைக் கும்பிட வைத்துவிட்டோமே என்று பாஸ்டர் பதறிப்போனார்.

"இது வணக்கமுங்க, சாமி கும்பிடு இல்ல" என்று மாஸ்டர் அவரைத் தேற்றினார்.

இடம், பசறை டவுனுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து ஜெப வீட்டை ஒட்டிய பாஸ்டரின் முன்னறை. விசயம், பாஸ்டரின் மகள் யசோதினிக்கும் மாஸ்டரின் மகன் சதீஸ்குமாருக்கும் கல்யாணம்.

இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள். நாலு வருடமாகக் காத்திருக்கிறார்கள். அப்பா சம்மதிக்காமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றவள் யசோதினிதான்.

பாஸ்டர் இருபது வருடத்துக்கு முன் ஞானஸ்நானம் எடுத்தவர். மாஸ்டர் முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்து, கடவுள் இல்லை என்று சொல்லப் பதுளை வரைக்கும் போய்க் கூட்டம் போட்டவர். ஒருவர் பெயர் முருகையா, மற்றவர் பெயர் அழகர். பெயர் வைத்தவர்களை இந்தப் பேச்சுக்கு யாரும் கூப்பிடவில்லை.

யசோதினி குசினியில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். பசறை பஸ் ஸ்டாண்டில் நின்ற சதீஸ்குமாரிடமிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு மெசேஜ் வந்தது. என்னாச்சு?

தாலி முடிஞ்சுது, கல்யாண அட்டை ஓடுது என்று அனுப்பினாள்.

தாலியும் இல்லை, மோதிரமும் இல்லை, மாலை மட்டும். பதிவாளர் முன் கல்யாண எழுத்து முதலில், ஜெபம் பிறகு. ஜெபத்தின்போது மாஸ்டர் வீட்டார் நிற்கலாம், உட்காரலாம், வெளியே போய் வெற்றிலை போடலாம்.

அழைப்பிதழின் உச்சியில் வேத வசனமா, அறிஞர் வாக்கா? அரை மணி நேரம் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தார்கள். கடைசியில் ஒரு ரோசாப்பூவுக்கு அந்த இடம் கிடைத்தது.

பிறக்கப்போகும் பிள்ளை? பதினெட்டு வயதில் அதுவே தீர்மானிக்கட்டும் என்றார்கள். கை குலுக்கிக்கொண்டார்கள்.

"மாஸ்டர் மாதிரி ஆளு பரலோகத்துல இல்லன்னா, அது பரலோகத்துக்குத்தாங்க நட்டம்."

"பாஸ்டர், உங்கள மாதிரி ஆளுக்காகவாச்சும் கடவுள் இருந்திருக்கலாமுங்க."

இருவருக்கும் கண் கலங்கியது. தன் சகிப்புத்தன்மையை நினைத்துத் தானே கலங்குவதில் ஒரு தனி சுகம் உண்டு.

கடவுள் விசயம் முடிஞ்சுது என்று யசோதினி மெசேஜ் போட்டாள். அவசரத்தில் இரண்டு தடவை பிழை விட்டாள்.

மாஸ்டரை வழியனுப்ப, அவர் தோளில் கையைப் போட்டபடி பாஸ்டர் ரோட்டுக்கு இறங்கினார். மாஸ்டர் குடையை நாற்காலியிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தார். அவ்வளவு சந்தோசம். யசோதினி அதை எடுத்துக்கொண்டு படிகளில் ஓடினாள்.

தூறலில் முதுகைக் காட்டி நின்றிருந்தார்கள் இருவரும். இவள் வந்ததைப் பார்க்கவில்லை.

"சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க மாஸ்டர். உங்க பாட்டன் பூட்டனெல்லாம் இந்தியாவுல எந்தப் பக்கம்?"

"திருச்சிப் பக்கமுங்க."

"அட, நாங்களும் அங்கதான்! எந்த ஊரு?"

மாஸ்டர் ஊர்ப் பெயரைச் சொன்னார். பாஸ்டர் துள்ளினார். அதே ஊர்!

"நம்மூராளா நீங்க! இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல? ஊர்ல எந்தத் தெரு?"

மாஸ்டர் தெருவைச் சொன்னார். பிறகு, மரியாதைக்காக, அவரும் கேட்டார். பாஸ்டரும் சொன்னார்.

ஊர் ஒன்றுதான். தெரு வேறு.

பாஸ்டரின் கை மாஸ்டரின் தோளிலிருந்து இறங்கித் தன் காற்சட்டைப் பைக்குள் போயிற்று. மாஸ்டர் பஸ் வரும் திசையை அக்கறையோடு பார்த்தார்.

அப்போதுதான் இருவரும் அவளைக் கண்டார்கள்.

"மாஸ்டரோட கொள்கைய நான் ரொம்ப மதிக்கிறேம்மா" என்றார் பாஸ்டர். "கடவுள் இல்லங்குற வீட்டுல நம்ம ஜெபம், உபவாசமெல்லாம் அவங்களுக்குத் தொந்தரவா இருக்கப்படாது. இது வேணாம்."

"அப்பா சொல்றது சரிதாம்மா. அவரு விசுவாசத்த நாங்க புண்படுத்திடப்படாது பாருங்க."

இரண்டு குரலும் கனிந்திருந்தன.

யசோதினி குடையை நீட்டவில்லை.

"அந்தத் தெருவுக்கு நீங்க போயிருக்கீங்களாப்பா?"

பாஸ்டர் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் பாஸ்டரைப் பார்த்தார். இருவரும் போனதில்லை. இருவருடைய அப்பாமாரும் போனதில்லை. அங்கிருந்து கப்பலேறி வந்தவர்கள் மண்ணுக்குள் போய் ஐந்து தலைமுறை.

"போனதில்லம்மா" என்றார் மாஸ்டர், வகுப்பில் நிற்கிறவர் போல நிமிர்ந்து. "ஆனா இருக்கு."

"இருக்கும்மா" என்றார் பாஸ்டர்.

அவள் குடையை விரித்துக்கொண்டு பசறைப் பக்கமாக, சதீஸ்குமார் நிற்கும் பக்கமாக இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

தூறல் மழையாயிற்று. ரோட்டோரத்தில் நனைந்துகொண்டு நின்ற இருவருக்கும் இடையில் இப்போது எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை.