நாற்காலிக்குக் கிடைத்த வேடம்

"கொஞ்சம் நகந்துக்குங்கக்கா" என்றாள் ஒப்பனைக்காரப் பெண், மூன்றாவது முறையாக.

எனக்கும் நகரத்தான் ஆசை. என்ன செய்ய, என் சக்கர நாற்காலி மேடையில் நடித்துக்கொண்டிருக்கிறது.

என்னை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தூக்கி வைத்திருக்கிறார்கள். திரைக்குப் பக்கத்தில், நடிகர்கள் உடை மாற்ற ஓடிவருகிற வழியில். இதுவரை என் காலை ஏழு பேர் மிதித்துவிட்டார்கள். வலிக்காது என்பதால் சும்மா விட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஏழு பேரையும் திட்டினேன்.

ஒப்பனைக்காரி இன்று ஒரு நாள் வேலைக்கு வந்தவள். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. சொல்ல எனக்குப் பொறுமையும் இல்லை.

சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருத்தியின் கதைதான் நாடகம். அந்த வேடத்துக்கு முதலில் நான்தான் நடித்துக் காட்டினேன். இயக்குநர் மோவாயைத் தடவியபடி பார்த்தார்.

"எல்லாம் சரிதாம்மா. ஆனா பாக்கறவங்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியல."

இருபத்திரண்டு வருடமாகச் சக்கர நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குக் கஷ்டப்படத் தெரியவில்லையாம்.

வேடம் டிவி சீரியலில் பெயர் வாங்கிய ஒரு நடிகைக்குப் போனது. கஷ்டப்படுவதில் கெட்டிக்காரி.

அவளுக்காக வாடகைக்கு எடுத்த சக்கர நாற்காலியின் முன் சக்கரம், இன்று நாடகம் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது கழன்றது. எல்லோரும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். இயக்குநரின் பார்வை மெல்ல என் பக்கம் திரும்பியது. என் முகத்தில் நிற்காமல் கீழே இறங்கியது.

தேய்ந்த கைப்பிடி, நைந்த இருக்கை, இடது சக்கரத்தில் நான் சுற்றிய நீல டேப். பார்த்துவிட்டுக் கண் கலங்கிவிட்டார். இதுவல்லவோ அசல் என்றார்.

ஆக, நான் தேறவில்லை. என் நாற்காலி தேறிவிட்டது.

ஏன் கொடுத்தேன்? கொடுக்காவிட்டால் நாடகம் நின்றுவிடும். அது நிற்பதை என்னால் பார்க்க முடியாது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன். கடைசியில் திரை மூடித் திறப்பதற்குள் நாற்காலி என்னிடம் வந்துவிட வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிடும்போது நானே உருட்டிக்கொண்டு மேடைக்குப் போக வேண்டும். யாரும் என்னைத் தூக்கக் கூடாது. இங்கிருந்து மேடைக்கு ஒரு படிகூட இல்லை, பத்தடி சமதரை.

அம்மா மேல் சத்தியம் என்றார் இயக்குநர்.

அங்கே அவள் சக்கரத்தைச் சூடான பாத்திரத்தைத் தொடுவது போல நுனிவிரலால் தள்ளுகிறாள். கதவு வந்தால் நிறுத்திப் பெருமூச்சு விடுகிறாள். கதவைப் பார்த்து யாராவது பெருமூச்சு விடுவார்களா? படியைப் பார்த்தால் கட்டியவனைத் திட்டுவோம், அவ்வளவுதான். முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒருவழியாக முடிந்தது. திரை மூடியது. நான் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

திரை திறந்துவிட்டது. நாற்காலி வரவில்லை.

நடு மேடையில் அவள் அதிலிருந்து மெதுவாக எழுந்தாள். இரண்டடி நடந்தாள், கைகூப்பினாள். கூரை பிய்ந்துகொண்டு போகிற மாதிரி கைதட்டல். எழுந்து நின்றதற்கு இவ்வளவு கைதட்டல் வாங்கிய ஒருத்தியை நான் பார்த்ததே இல்லை.

பூங்கொத்துகள் வந்தன. வாங்கி வாங்கி என் நாற்காலியின் மேல் குவித்தார்கள்.

இயக்குநர் மைக்கைப் பிடித்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். கடைசியாக என் பக்கம் பார்த்தார். நான் நாற்காலியைக் காட்டினேன். அவர் நாற்காலியைப் பார்த்தார், பூக்களைப் பார்த்தார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இந்த நாடகத்தை எழுதியவர், உடல்நலக் குறைவால் இன்று வர இயலவில்லை. அவர் சார்பில் நம் நாயகி நினைவுப் பரிசைப் பெற்றுக்கொள்வார்."

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

ஒப்பனைக்காரி என் காதருகே குனிந்து உச்சுக்கொட்டினாள். "பாவம். எழுதினவங்களுக்கு என்னவாம்க்கா?"

"ஒண்ணும் இல்ல, குத்துக்கல்லாட்டம் இங்கதான் உக்காந்திருக்கேன்" என்றேன். "நீ போய் அந்தப் பூவையெல்லாம் கீழ தள்ளிட்டு வண்டிய எடுத்துட்டு வா."