குடிமாறிய பாட்டு

இந்தக் கதையில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. டம்ளர் விஷயம் உட்பட.

“பாட்டு நல்லாத்தான் இருக்குண்ணே. சவுண்டுதான் பழசா இருக்கு” என்றார் இயக்குநர்.

இசையமைப்பாளர் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார். கையில் படம் இல்லாமல் இரண்டு வருடம் ஓடிவிட்டது. எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய அந்தச் சின்ன அறைக்குள் ஒரு படத்தோடு நுழைந்த ஒரே மனிதர் இந்த இயக்குநர்தான்.

“இன்னும் அந்தப் பழைய சாஃப்ட்வேர்லதான் பாட்டுப் பண்றீங்களா?”

“ஆமா தம்பி. என் கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே அதுதான்.”

“அங்கதான் இடிக்குது. எதிர் பில்டிங் மியூசிக் டைரக்டரு புதுசுக்கு மாறிட்டாரு. அவர் ரூம்ல தும்மினாக்கூட ஆர்க்கெஸ்ட்ரா மாதிரி கேக்குது. ஒரு வாரம் டைம் தர்றேன். நீங்களும் மாறுங்க, ஆறு பாட்டும் உங்களுக்கு. இல்லேன்னா நான் ரோட்டைத் தாண்டிப் போயிடுவேன். தப்பா நினைச்சுக்காதீங்க.”

அன்றைக்கே புதிய சாஃப்ட்வேர் வந்து கம்ப்யூட்டரில் குடியேறியது.

விரல்கள்தான் ஒத்துழைக்க மறுத்தன. பழையதில் பாட்டைச் சேமிக்கிற பட்டன், புதியதில் பாதிப் பாட்டை அழித்தது. தாளத்தை நகர்த்துகிற பட்டன் மைக்கைத் திறந்துவிட்டது. அவர் திட்டிய திட்டெல்லாம் முதல் சரணத்தில் சுருதி சுத்தமாகப் பதிவாகியிருந்தது.

சாப்பாட்டு மேஜையிலும் இதே தொல்லை. தண்ணீர் டம்ளரைக் கை தட்டிவிட்டதும், கடைசியாகச் செய்ததை இல்லாமல் ஆக்கும் பட்டன்களை வெறும் மேஜைமேல் அவருடைய இடது கை தானாக அமுக்கியது. விழுந்த டம்ளர் தரையிலிருந்து எழும்பியது. பழைய சாஃப்ட்வேரின் பட்டன்கள் என்பதால் பாதி உயரம்வரைதான் வந்தது. அதற்குமேல் முடியாமல் மறுபடியும் விழுந்தது.

“வந்தது வந்துச்சு, மேஜை வரைக்கும் வரக் கூடாதா” என்றபடி மனைவி துணியால் தரையைத் துடைத்தார். இசையமைப்பாளரின் பாட்டையெல்லாம் பாடுகிறவரும் அந்த அம்மாள்தான். “என்னங்க, நான் ஒண்ணு சொல்லட்டுமா? எதுல போட்டாலும் எனக்கு ஒரே மாதிரிதான் கேக்குது.”

“உன் காது அவ்வளவுதான்.”

“அந்தக் காதை வெச்சுக்கிட்டுத்தான் உங்க பாட்டெல்லாம் பிரமாதம்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கேன்.”

பாட்டைக் குடிமாற்றுவது வீடு மாற்றுவதைவிட மோசம். டிரம்ஸ் முதல் லாரியிலேயே வந்து இறங்கிவிட்டது. வயலின்கள் வந்தன, வாசித்தவர்களுக்கே அடையாளம் தெரியவில்லை. புல்லாங்குழல் வழியில் தொலைந்துபோய், தேடிப் பிடித்துக் கூட்டிவர ஒரு பகல் பிடித்தது. மனைவியின் குரல், வண்டியில் ஏற்றும்போது யாரோ கிள்ளிவிட்டாற்போல் அரை சுருதி ஏறி வந்து சேர்ந்தது. கடைசியில் அவர் பழையதையும் புதியதையும் ஒரே தட்டலில் சேர்ந்து ஓடும்படி கோத்துவைத்து, ஒன்றின் வாயைக் கட்டி மற்றதைக் கேட்டு, வரிக்கு வரி ஒப்பிட்டுச் சரிசெய்து நிமிர்ந்தபோது, இயக்குநரின் செருப்புச் சத்தம் மாடிப்படியில் கேட்டது.

“மாறிட்டீங்களாண்ணே?”

“நீங்களே பாருங்க தம்பி.”

திரை முழுக்கப் புதிய சாஃப்ட்வேர், விமானம் ஓட்டுகிற இடம் மாதிரி மினுக்கிக்கொண்டிருந்தது. இசையமைப்பாளர் ஒரு தட்டுத் தட்டினார். திரையில் ஒரு கோடு இடமிருந்து வலமாக ஓடத் தொடங்கியது. ஸ்பீக்கரில் பாட்டு எழுந்தது.

இயக்குநர் கண்களை மூடிக்கொண்டார். பல்லவி முடிந்துதான் திறந்தார்.

“இதைத்தாண்ணே கேட்டேன். போன வாரம் பேஸ் கிதார், சிமென்ட் மூட்டையைப் போட்ட மாதிரி தொம்முன்னு விழுந்துச்சு. இப்ப வெண்ணெயில விரல் இறங்குற மாதிரி இறங்குது.”

“புல்லாங்குழல்ல காத்து தனியா, ஓட்டை தனியா கேக்குது, கவனிச்சீங்களா?” என்றார் இசையமைப்பாளர். அவருக்கே மயிர்க்கூச்செறிந்தது.

கதவோரம் நின்ற மனைவியின் கண் கலங்கிவிட்டது. “சும்மா சொல்லக் கூடாதுங்க. என் குரலுக்குப் பத்து வயசு குறைஞ்சிருக்கு. அன்னிக்கு ஜலதோஷத்தோட பாடினேன், அதைக்கூடக் குணப்படுத்தியிருக்கு.”

ஜன்னல் திரை காற்றில்லாமல் தாளத்துக்கு ஆடியது. சுவர்க் கடிகாரம் சற்றுத் தயங்கி நின்று, வேகத்தைப் பிடித்துக்கொண்டு பாட்டோடு சேர்ந்து ஓடியது. இயக்குநரின் டிரைவர் காரை நடுத்தெருவில் விட்டுவிட்டு மேலே ஏறி வந்தார். பின்னால் நின்ற வண்டிக்காரர்களில் ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. எதிர் பில்டிங்காரர் ஜன்னலைத் திறந்து கேட்டார், முகம் சுண்டிப்போய் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

“ஆறு பாட்டும் உங்களுக்குத்தான். அடுத்த படமும் உங்களுக்குத்தான்” என்று இயக்குநர் இசையமைப்பாளரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கிக்கொண்டே கம்ப்யூட்டர் திரையின் கீழ் ஓரத்தைப் பார்த்தார். “அது என்னண்ணே, பழசு இன்னும் திறந்தே கிடக்கு?”

“சும்மா ஒரு ஓரமா இருக்கட்டுமேன்னு. பழகின தோஷம்.”

“அது அங்க கிடக்கிற வரைக்கும் உங்க கை அங்கதான் போகும். மூடுங்க. இந்தப் பாட்டு காதுல விழும்போதே, என் கண்ணு முன்னாடி மூடுங்க.”

இசையமைப்பாளர் மனைவியைப் பார்த்தார். மனைவி, போனால் போகட்டும் என்று தலையசைத்தார். இத்தனை வருடம் சோறு போட்ட சாஃப்ட்வேருக்கு மனத்துக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அவர் அதை மூடினார்.

பாட்டு நின்றுவிட்டது, புதிய சாஃப்ட்வேரின் கோடு மட்டும் திரையில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.