கெட்டி ரசம்

பக்கவாதம் கணவர் சபேசனின் தொண்டையைத் தளர்த்திய பிறகு மரகதம் வாங்கிய மூன்றாவது மிக்ஸி இது. முந்தைய இரண்டும் அரைபடாத திப்பியை விட்டுவைத்ததில் அவருக்குப் புரையேறி, உயிர் போய் வந்தது. இதில் சாம்பார் சாதம் வெண்ணெயாய் அரைபட்டது. இரண்டு வாய்தான் இறங்கியது.

"இன்னும் ரெண்டு வாய்ங்க. இல்லேன்னா மூக்குல ட்யூப்னு டாக்டர் சொல்லிட்டார்."

"எல்லாத்தையும் கூழாக்கிட்டே. ரசமாவது ஊத்து, மரகதம்." வழக்கம்போல் உள்ளங்கையைக் குழித்து நீட்டினார்.

தண்ணீராய் எது போனாலும் புரையேறும் என்று, டாக்டர் தந்த கெட்டியாக்கும் பொடியை ரசத்தில் கலந்திருந்தாள். ஊற்றினாள். முப்பது வருஷமாக அவர் முழங்கைவரை வழியும் ரசத்தைத் துடைத்த முந்தானையோடு காத்து நின்றாள். வழியவில்லை.

சபேசன் கையைக் கவிழ்த்தார். அப்போதும் அது விழவில்லை.