கீழே வைத்த கோப்பை

"குடி சாயெல். கேட்டது கிடைச்சுதுன்னு வச்சுக்கிட்டுக் குடி" என்றார் முத்லக்.

விரிப்பில் வைத்திருந்த காப்பிக் கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் குடித்தான் சாயெல். பிறகுதான் வாயைத் திறந்தான். "என் ஆடுங்க உங்க பார்லியில புகுந்து..."

"ஆடு மேயாம கணக்கா போடும்? மன்னிச்சாச்சு. போய்ட்டு வா."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனதும், ஃபித்தாவுக்குச் சொல்லித்தரத் தலைநகர் அம்மானிலிருந்து வந்திருந்த ரன்தா மிஸ் வியப்போடு கேட்டாள். "ஹாஜி, அவர் ஒரு வார்த்தை பேசல. ஏதோ கேக்க வந்திருக்கார்னு எப்படித் தெரிஞ்சுது?"

"நிறைஞ்ச கோப்பையைக் குடிக்காம கீழே வச்சா, கேக்க ஒண்ணு இருக்குன்னு அர்த்தம். 'தர்றேன்'னு நான் சொல்ற வரைக்கும் தொட மாட்டான். இந்த வீட்டுல யாரையும் ரெண்டாம் தடவை அப்படி வைக்க விட்டதில்ல, எங்கப்பன் காலத்துலேர்ந்து. உங்க பட்டணத்துல இதுக்கும் ஒரு அட்டை வச்சிருப்பீங்க."

மிஸ் சிரித்தாள். அவள் முன்னால், பேச்சு வராத பிள்ளைகள் வேண்டியதை எடுத்துக் காட்டிக் கேட்பதற்கான படம் போட்ட அட்டைகள் பரப்பிக் கிடந்தன. ரொட்டி, தண்ணீர், ஊஞ்சல், ஆட்டுக்குட்டி. ஃபித்தா அவற்றை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. முத்லக்கின் கடைக்குட்டி அவள். ஆறு வயதாகியும் பேச்சு வரவில்லை. வாசல் வழியே சாய்ந்து விழுந்த மாலை வெயிலில் தூசி மிதந்துகொண்டிருந்தது. அதற்குள் கையை நீட்டி, தண்ணீரை அளைவது போல மெல்ல அளைந்துகொண்டிருந்தாள்.

"ஹாஜி, இன்னைக்குத்தான் கடைசி நாள்" என்றாள் மிஸ், குரலைத் தணித்து. "இவளா ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டாப் போதும், நான் இங்கயே வந்து சொல்லித் தருவேன். இல்லேன்னா பெருநாள் முடிஞ்சதும் அம்மான்ல விடுதியில சேர்த்துடணும்னு மேல சொல்லிட்டாங்க."

டாக்டர், வங்கி, ரேடியோ சொல்லும் மழை, எதையும் நம்பாத மனிதர் முத்லக். இந்தப் பட்டணத்துப் பெண்ணைச் சுத்தமாக நம்பவில்லை. ஆலிவ் பறிக்கிற சமயத்தில் முதல்முதலாக வந்தபோது, இவர் காப்பிக்கொட்டை இடித்துக்கொண்டிருந்தார். ஃபித்தா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மர உரலோடு ஒட்டிச் சாய்ந்து கிடந்தாள். "சத்தம் இவளுக்கு வலிக்குது, நிறுத்துங்க" என்று பதறினாள் மிஸ். அன்றே உரலும் உலக்கையும் சாக்குக்குள் போய் மூலையில் உட்கார்ந்தன. இப்போது காப்பித்தூள் மாதபா நகரத்துக் கடையிலிருந்து வருகிறது. துணி அலசின தண்ணீர் மாதிரி இருக்கிறது. மகளுக்காகக் குடித்துத் தொலைக்கிறார்.

மனைவி நோஃபா பாலோடு வந்தாள். காதில்லாத சின்னக் காப்பிக் கோப்பையில் கொடுத்தால்தான் ஃபித்தா வாங்குவாள். வாங்கிக்கொண்டு, தூக்கத்தில் நடப்பவள் போல வெயிலுக்குள் நுழைந்து வெளியே வந்தாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அப்பாவின் முழங்காலருகே கோப்பையை வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"ஆரம்பிச்சுட்டா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் நோஃபா. "ஆலிவ் பறிச்சதிலேர்ந்து தினம் இதே கூத்து. இவர் காலடியில கொண்டாந்து வைப்பா, வாயில வைக்க மாட்டா. ஏடு படிஞ்சு பூனை வயித்துக்குத்தான் போகுது."

"பால் வேண்டாம்ங்கறா. பாருங்க, 'வேண்டாம்'னு சொல்லத் தெரியுது. 'வேணும்'னு சொல்லத்தான் வரல" என்றாள் மிஸ். "அவ கேக்கறதுக்கு முந்தியே எல்லாத்தையும் நீட்டிடறீங்க ஹாஜி. கொஞ்சம் பேசாம இருங்க. எதிர்ல உட்கார்ந்து அவளையே பாருங்க."

"பிள்ளையைக் காக்க வைக்கணுமா? நல்ல படிப்பு படிச்சீங்க!" என்று முணுமுணுத்தபடி மகளுக்கு நேர் எதிரே நகர்ந்து உட்கார்ந்தார்.

வெயில் செம்பு நிறமாகி விரிப்பில் ஊர்ந்தது. அடுப்புப் புகை ஏலக்காய் மணத்தோடு எழுந்து, அந்தரத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. எங்கோ ஓர் ஆடு கத்தியது, வேறொரு நாளில் கத்துவது போல.

ஃபித்தா அவரைப் பார்க்கவில்லை. கோப்பையைப் பார்த்தாள். ஒரு காலை மடித்து, ஒரு முழங்காலை நிமிர்த்தி, முதுகை நேராக வைத்திருந்தாள். கைகள் மடியில். பால் விளிம்புவரை நிறைந்து, அசையாமல் இருந்தது. சற்று முன் சாயெல் அதே இடத்தில், அதே மாதிரிதான் உட்கார்ந்திருந்தான்.

முத்லக் வாசலைப் பார்த்தார், மறுபடி கோப்பையைப் பார்த்தார்.

"குடிம்மா" என்றார். குரல் அவருடையதாக இல்லை. "கேட்டது கிடைச்சுதுன்னு வச்சுக்கிட்டுக் குடி."

ஃபித்தா கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள்.

பிறகு எழுந்து, அவர் விரலைப் பிடித்து மூலைக்கு இழுத்துப்போய், அவர் கையைச் சாக்கு மூட்டையின்மேல் வைத்தாள்.

மிஸ் அட்டைகளை மெல்ல மூடி வைத்தாள். முத்லக் முடிச்சை அவிழ்த்து, உரலை வெளியே எடுத்து வைத்து, உள்ளே கொட்டை இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் உலக்கையைப் போட்டார். டக், டகடக், டக். ஃபித்தா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, நெற்றியை அதிரும் உரலில் சாய்த்து, கண்ணை மூடிக் கடகடவென்று சிரித்தாள்.

யாரையும் இரண்டாம் தடவை கோப்பையைக் கீழே வைக்க விடாத அந்த வீட்டில், ஆலிவ் பறித்ததிலிருந்து தினமும் ஒருத்தி வைத்துக்கொண்டிருந்தாள்.