யாரையும் விடாத கப்பல்

கப்பலை முதலில் பார்த்தவள் ஸ்மரந்தாதான். பார்த்ததும் அவள் சந்தோஷப்படவில்லை. மகளின் தலையைப் பிடித்துப் படகுக்குள் அழுத்தினாள்.

அவள் புருஷன் லிசாந்துரு பழைய பைனாகுலரைக் கண்ணில் வைத்தான். இரண்டு புகைபோக்கிகள். பின்னது கொஞ்சம் குட்டை.

தோம்னிட்சா.

கருங்கடலில் வேறு எந்தக் கப்பல் வந்திருந்தாலும் பரவாயில்லை. போயும் போயும் சொந்த நாட்டுக் கப்பல், அதிலும் இது.

இருபது வருடங்களுக்கு முன்பு, ருமேனியாவில் ராஜா இருந்த காலத்தில், நியூயார்க்கிலிருந்து திரும்பும் வழியில் புயலுக்குள் புகுந்து, தீப்பிடித்த சரக்குக் கப்பலிலிருந்து அறுபத்து மூன்று பேரைத் தூக்கி வந்தது தோம்னிட்சா. ஒருவரைக்கூட விடவில்லை. தீப்பெட்டியிலிருந்து பள்ளிக்கூடப் புத்தகம் வரைக்கும் அதன் படம்தான். அப்புறம் போர் வந்தது, காயம்பட்ட சிப்பாய்களைச் சுமந்தது. ராஜா போனார், புது அரசாங்கம் வந்து அதன் பெயரை மாற்றியது. இப்போது அட்லாண்டிக் எல்லாம் கிடையாது. கான்ஸ்டன்ட்சா துறைமுகத்திலிருந்து கிளம்பி, விடுமுறைக்கு வரும் ஆலைத் தொழிலாளர்களை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பும்.

ஆனால் பழைய பழக்கம் மட்டும் போகவில்லை. கப்பலின் முன்முனையில் எந்நேரமும் ஒருவன் பைனாகுலரோடு நிற்பான். கடலில் மனிதத் தலை தெரிந்தால் மணிக்கயிற்றை இழுப்பான். கப்பல் நின்றுவிடும். பார்த்தவனின் பெயரைச் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் பித்தளையில் பொறிப்பார்கள்.

அந்த இடத்தில் ஒன்பது வருடம் நின்றவன் லிசாந்துரு. அங்கிருந்து பார்க்கிற கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று அவனுக்குத் தெரியாதா?

நிச்சயம் தூக்கிவிடுவார்கள். கம்பளி போர்த்துவார்கள், சூடாக சூப் கொடுப்பார்கள். துறைமுகத்தில் இறங்கியதும், நாட்டை விட்டு ஓடிய குற்றத்துக்கு ஆளுக்கு எட்டு வருடம் ஜெயில். ஆறு வயது இலியானா அரசாங்க அனாதை விடுதிக்குப் போவாள்.

அதனால் மூவரும் குனிந்தே கிடந்தார்கள். துருக்கிக் கரை இன்னும் ஒரு நாள் தூரம். மோட்டார் முந்தாநாளே நின்றுவிட்டது. குடிதண்ணீர் நேற்றுத் தீர்ந்தது. இன்று காலையில் அடிப்பலகை விரிந்துவிட்டது. ஸ்மரந்தா மொண்டு ஊற்ற ஊற்ற, உப்புத் தண்ணீர் முழங்காலை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.

இலியானா இருமினாள். வாய்க்குள் தண்ணீர் போயிருந்தது.

“போதும்யா. ஜெயிலுன்னா ஜெயிலு. சட்டையக் கழட்டு” என்றாள் ஸ்மரந்தா.

“எட்டு வருஷம்டி.”

“எட்டு வருஷம் கழிச்சு பதினாலு வயசுப் பொண்ணா வந்து உன்னைய நல்லா நாக்கப் புடுங்கற மாதிரி கேக்கட்டும். புள்ள உசுரோட இருக்கட்டும்யா. கழட்டு.”

அவன் எழுந்து நின்று சட்டையைத் துடுப்பில் கட்டி ஆட்டினான். அழுகை வந்தது. மூன்று மாதம் சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல் திருடிச் சேர்த்ததெல்லாம் வீணாகப் போயிற்று. வெட்கமாக இருந்தது. கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

கப்பல் ஒரு மைலுக்கும் மேலே தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. மழை தூறியது. மதியச் சாப்பாட்டு நேரம், மேல்தளத்தில் ஈ காக்காய் இல்லை. ஒரு கையால் துடுப்பைத் தாங்கிக்கொண்டு மறுகையால் பைனாகுலரைத் தூக்கினான். முன்முனையில் ஓர் ஆள் நின்றான். இடது தோள் இறங்கிய ஆள்.

பாந்தெலிமோன்! பன்னிரண்டு வருடச் சிநேகிதன். இலியானாவின் ஞானத்தகப்பன்.

பாந்தெலிமோனின் பைனாகுலர் அலைமேல் மெல்லத் திரும்பி வந்தது. படகைத் தாண்டிப் போனது. மறுபடி வந்து படகின் மேலேயே நின்றது.

“பாத்துட்டாங்களா?”

“பாத்துட்டான்.”

ஸ்மரந்தா மொள்ளுவதை விட்டுவிட்டு மகளை மடியில் தூக்கி, முகத்தைத் துடைத்து, முடியை விரலால் கோதிவிட ஆரம்பித்தாள். நாலு பேர் முன்னால் போய் நிற்க வேண்டுமே.

பாந்தெலிமோனின் கை மணிக்கயிற்றைப் பிடித்தது.

பிடித்தபடியே இருந்தது.

பிறகு விட்டது. அவன் திரும்பி, அதிகாரிகள் நிற்கும் மேல் அறையை ஒரு தரம் பார்த்தான். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். யார் கண்ணிலும் படாமல், இடுப்புக்குக் கீழே உள்ளங்கையை இரண்டு தரம் அசைத்தான், வழியனுப்புகிறவனைப் போல. அப்புறம் மறுபக்கத்துக் கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான்.

லிசாந்துரு வெறி பிடித்தவன்போல் சட்டையை ஆட்டினான். பார்க்கத்தான் ஆள் இல்லை.

யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று ஸ்மரந்தாவிடம் அடித்துச் சொன்னவன், போன ஞாயிற்றுக்கிழமை பாந்தெலிமோனிடம் மட்டும் சொல்லியிருந்தான். எங்களைப் பார்த்தாலும் பார்க்காத மாதிரி இருந்துவிடு என்று கேட்டிருந்தான். கடலில் மனிதனைப் பார்த்துவிட்டு எப்படிச் சும்மா இருப்பது என்று பாந்தெலிமோன் அழுதான், முடியவே முடியாது என்றான். லிசாந்துரு அவன் காலில் விழுந்தான். இலியானாவின் தலைமேல் அவன் கையை வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டுத்தான் எழுந்தான்.

“எம்மாம் பெரிய கப்பலு! நிக்கிறதுக்கே கொஞ்ச தூரம் போவணும், இல்ல?” என்றாள் ஸ்மரந்தா.

“ஆமா.”

“ஏணிய எந்தப் பக்கம் எறக்குவாங்க?”

தோம்னிட்சாவின் பின்பக்கம் சிறிதாகிக்கொண்டே போனது.

“காத்து அடிக்காத பக்கம்” என்றான் லிசாந்துரு.